நான்காம் மாடி அம்மா வாயைத் திறக்க மறுக்கிறார்: கரண்டியை நீட்டுவதா, கீழே வைப்பதா?

பனிக்குயில் (ரொறொன்ரோ)
திங்கள், இரவு 11:50

வணக்கம். பதினொரு வருடமாக இங்கே ஒரு யூத முதியோர் இல்லத்தில் பராமரிப்புப் பணியாளராக இருக்கிறேன். இல்லத்தின் பெயர் வேண்டாம். பாதர்ஸ்ற் வீதிப் பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் மாடியில் ஓர் அம்மா. வயது 97. ஹங்கேரியில் பிறந்தவர். 1944-இல் குடும்பத்தோடு நாஜிகளின் மரண முகாமான அவுஷ்விட்சுக்குக் கொண்டுபோனார்கள், அவரும் ஓர் அக்காவும் மட்டும் திரும்பினார்கள். நான் அவரைக் கழுவி, உடுத்தி, சாப்பாடு கொடுக்கத் தொடங்கி ஆறு வருடமாகிறது. ஷவருக்குக் கீழே நிற்க மாட்டார், அதனால் சட்டியில் வெந்நீர் எடுத்துத் துவாயால் துடைத்துவிடுவோம். அவர் மேசை லாச்சியில் எப்போதும் பாண் துண்டுகள் இருக்கும், ஒவ்வொன்றும் காகிதத் துவாலையில் சுற்றியபடி. புதிதாக வேலைக்கு வந்த ஒரு பிள்ளை பூஞ்சணம் பிடித்துவிட்டதென்று எல்லாவற்றையும் அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டது. அன்றிரவு முழுவதும் அம்மா கத்திய கத்தில் மாடியே நித்திரை கொள்ளவில்லை. அதிலிருந்து ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். அவர் தூங்கிய பிறகு பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைப்போம். எண்ணிக்கை மட்டும் குறையக் கூடாது, காலையில் எண்ணிப் பார்ப்பார்.

இப்போது மூன்று வாரமாக அவர் சரியாகச் சாப்பிடவில்லை. முதலில் அரைக்கிண்ணம், பிறகு நான்கு கரண்டி, இப்போது உதட்டையே இறுக்கிக்கொள்கிறார். விழுங்கும் திறன் போய்விட்டது, கட்டாயப்படுத்தினால் உணவு நுரையீரலுக்குள் போகும் என்கிறார் டொக்டர். மகன் விட்டுவிடுங்கள் என்கிறார். மகளோ அம்மாவின் வயிற்றில் உணவுக் குழாய் போட வேண்டும் என்கிறார். "எங்கள் அம்மா ஒரு தரம் பட்டினி கிடந்தது போதும்" என்று தாழ்வாரத்தில் நின்று அழுதார். வியாழக்கிழமை ராபி (யூத மதகுரு) வந்து இருவரோடும் பேசப் போகிறார்.

குழாயைப் பற்றி முடிவெடுக்கும் இடத்தில் நான் இல்லை. ஆனால் மூன்று வேளையும் கரண்டியோடு அந்தக் கதிரையில் உட்காருவது நான்தான். மகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது கரண்டியைக் கீழே வைக்கக் கை வரவில்லை. நீட்டவும் மனம் வரவில்லை. இப்படியான இடங்களில் வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


வைகைக்கரை (மதுரை)
செவ்வாய், காலை 9:15

மகளே, மனம் கோணாமல் கேள். பெற்ற பிள்ளைகள் இரண்டு பேர் குத்துக்கல்லாக இருக்கும்போது 97 வயதுத் தாய்க்குக் கூலிக்கு வந்தவர் சோறூட்டுகிறார். இதில் குழாய் போடலாமா வேண்டாமா என்று மதகுருவைக் கூட்டிவந்து பஞ்சாயத்து வேறு. வீட்டில் வைத்துப் பார்த்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. முதியோர் இல்லம் எந்த நாட்டில் இருந்தாலும் முதியோர் இல்லம்தான்.


பனிக்குயில்
செவ்வாய், இரவு 10:30

ஐயா, கோபமில்லை. நானும் முதல் நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டு உள்ளே போனேன். மகளுக்கே 70 வயது, இரண்டு முழங்காலும் அறுவைச் சிகிச்சை செய்தவர். தாயைத் தூக்கிவிட அவரால் முடியாது.

இந்த ஊரில் இப்படி ஓர் இல்லம் எப்படி வந்தது என்று ஒரு முறை எங்களுக்குப் பயிற்சியில் சொன்னார்கள். பிற இல்லங்களில் இருந்த யூத முதியவர்களுக்கு அங்கே பேசுகிற மொழி விளங்கவில்லை, கோஷர் என்ற மதவிதிப்படி சமைக்காத சாப்பாட்டைத் தொட மனமில்லை. அதைப் பார்த்து எஸ்ராஸ் நோஷெம் என்ற பெண்கள் சங்கத்தினர் காசு சேர்த்து, 1918-இல் செசில் வீதியில் ஒரு வீட்டை முதியோர் இல்லமாக்கினார்கள். தாங்களே சமைத்தார்கள், துணியும் தோய்த்தார்கள். அதுதான் பின்னாளில் பேக்ரெஸ்ட் என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது. நான் வேலை செய்வது வேறு இடம். ஆனாலும் மொழியும் சாப்பாடும் இல்லாத இடத்தில் கிழவர்களைச் சாக விடக் கூடாது என்ற அந்த எண்ணம் எங்கள் இல்லத்திலும் நாள்தோறும் கண்ணில் படும்.

காலை ஏழரைக்குக் கீழ்த்தளத்தில் தொழுகை. பத்து ஆண்கள் சேர வேண்டும், அதற்கு மின்யான் என்று பெயர். ஒன்பதில் நின்றுவிட்டால் அன்று முழுக்க அதே கதைதான். "ஐந்தாம் மாடியில் அந்த மனிதர் எழும்பிவிட்டாரா பார்" என்று எங்களை விரட்டுவார்கள். உடுப்பு மாட்டி, சக்கர நாற்காலியில் ஏற்றி, லிப்டில் இறக்கிக் கொண்டுபோய் விட்டால், அந்த மனிதர் இருந்தபடியே தூங்கிவிடுவார். பரவாயில்லை, பத்தாவது ஆள் வந்துவிட்டாரே. தன்னால் ஒன்பது பேருக்குத் தொழுகை நடக்கிறது என்பதற்காகவே ஒரு தாத்தா இரண்டு வருடம் கூடுதலாக உயிரோடு இருந்தார் என்று நான் நம்புகிறேன். டொக்டர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

சமையலறை இரண்டு. இறைச்சிக்கு ஒன்று, பாலுக்கு ஒன்று. முதல் வாரத்திலேயே பால் பக்கத்துக் கரண்டியைக் கொண்டுபோய் கோழி சூப்புக்குள் விட்டுவிட்டேன். மேற்பார்வை பார்க்கும் மஷ்கியாக் கத்தவில்லை. கரண்டியை ஒரு பையில் போட்டுக் கட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எங்கள் மீன்குழம்பைச் சாப்பிட ஊழியர்களுக்குத் தனி அறை இருக்கிறது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பெண்கள் விளக்கேற்ற வருவார்கள். பலருக்கு ஒக்சிசன் ஓடுவதால் மெழுகுதிரி கிடையாது, சின்ன மின்விளக்குதான். அதன் முன்னால் கண்ணைப் பொத்திக்கொண்டு மந்திரம் சொல்வார்கள். அதோடு சபாத் என்ற ஓய்வுநாள் தொடங்கிவிடும், பொத்தானை அழுத்தக் கூடாது. அதனால் லிப்ட் ஒவ்வொரு மாடியிலும் தானாக நின்று நின்று போகும். அவசரத்துக்கு அதில் ஏறினால் பைத்தியம் பிடிக்கும். போர் வெற்றி நாளான மே 9-ஆம் தேதி ரஷ்யாவிலிருந்து வந்த கிழவர்கள் இரண்டாம் உலகப் போர்ப் பதக்கங்களைக் குத்திக்கொண்டு சாப்பாட்டு அறைக்கு வருவார்கள். ஹங்கேரிக்காரரும் போலந்துக்காரரும் ரஷ்யர்களும் ஒருவரையொருவர் முறைத்தபடி ரம்மிகப் ஆடுவார்கள்.

வீட்டில் தனியாகத் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருப்பதை விட இது குறைந்த வாழ்க்கையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை ஐயா.


தேம்ஸ் தாதி (இலண்டன்)
புதன், அதிகாலை 4:05

இரவுப் பணி முடியும் நேரம், அதனால் எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் நோய்தணிப்புப் பிரிவில் தாதியாக இருக்கிறேன்.

அக்கா, உங்கள் கேள்விக்கு நேராகப் பதில். உடல் மூடிக்கொள்ளத் தொடங்கும்போது பசி முதலில் போய்விடுகிறது. சாப்பிடாததால் சாவு நெருங்குகிறது என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களின் கணக்கு. சாவு நெருங்குவதால் சாப்பாடு நிற்கிறது என்பதே பெரும்பாலும் நடப்பது. மறதி நோய் முற்றியவர்களுக்கு வயிற்றில் குழாய் போட்டால் ஆயுள் கூடும், நிமோனியா வராது என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. குழாயைப் பிடுங்காமல் இருக்கக் கையைக் கட்டிவைக்கும் நிலைதான் பல இடங்களில் வருகிறது. முகாமில் இருந்து வந்த ஒருவரின் கையைக் கட்டுவதை யோசித்துப் பாருங்கள்.

உதடும் நாக்கும் காய்வதுதான் உண்மையான அவதி. கரண்டியை வைத்துவிட்டுப் பஞ்சு நுனிக்குச்சி எடுங்கள். தண்ணீரில் தொட்டுப் பிழிந்து, கன்னத்தின் உட்பக்கம், ஈறு, நாக்கு என்று மெதுவாகத் துடையுங்கள். உதட்டுக்குக் களிம்பு. அரை மணிக்கு ஒரு முறை. அந்தக் குச்சியை மகள் கையிலும் ஒன்று கொடுங்கள். சும்மா நிற்கும் கைதான் குழாய் கேட்கிறது.

இன்னொன்று. சாகும் தறுவாயில் இருப்பவர்களைப் பராமரிக்கும் இன்றைய ஹொஸ்பிஸ் இயக்கமே ஒரு யூதரின் படுக்கையருகில் முளைத்தது என்று சொல்லலாம். டேவிட் டாஸ்மா என்பவர் வார்சாவிலிருந்து வந்து இலண்டனில் பரிசாரகராக வேலை பார்த்தவர். சொந்தம் என்று இங்கே யாருமில்லை. 1948-இல் புற்றுநோயில் இறந்துகொண்டிருந்தபோது, சமூகப் பணியாளராக இருந்த சிசிலி சாண்டர்ஸ் அவரைப் பார்க்க வந்துகொண்டிருந்தார். வலியைத் தணித்து, தனியாக விடாமல் சாக விடும் ஓர் இல்லம் வேண்டும் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். அவர் இறக்கும்போது 500 பவுண்டு விட்டுப்போனார், உங்கள் இல்லத்தில் நான் ஒரு யன்னலாக இருப்பேன் என்று சொல்லி. அந்த யன்னலைச் சுற்றிக் கட்டடம் எழும்ப 19 வருடம் ஆனது. செயின்ட் கிறிஸ்டோபர் ஹொஸ்பிஸ், 1967.


ஓலைச்சுவடி (சிங்கப்பூர்)
புதன், பிற்பகல் 2:20

ராபி என்ன சொல்வாரோ என்று அஞ்ச வேண்டாம் சகோதரி. அவர்கள் மரபில் இந்த வாதம் மிகப் பழையது. ஒரு பக்கம் கடுமை: இறந்துகொண்டிருப்பவரை கோசேஸ் என்பார்கள். அணையப் போகும் விளக்கு அவர். விரல் பட்டாலே சுடர் போய்விடும், ஆகவே கண்ணை முன்கூட்டி மூடுவதுகூடக் கொலைக்குச் சமம் என்கிறது அவர்களின் பழைய சட்டநூலான தல்மூத். மறுபக்கம், 16-ஆம் நூற்றாண்டில் கிராக்கோவில் இருந்த மோசஸ் இஸர்லெஸ் ஒரு விளக்கம் எழுதிவைத்தார். வெளியே ஒருவன் விறகு பிளக்கும் ஓசை உயிரைப் போக விடாமல் தடுக்கிறது என்றால் அந்த ஓசையை நிறுத்தலாம். நாக்கில் வைத்த உப்பை எடுத்துவிடலாம். விரட்டக் கூடாது, ஆனால் வாசலை அடைத்துக்கொண்டும் நிற்கக் கூடாது. இக்காலத்து மூச்சுக் கருவியும் உணவுக் குழாயும் விறகு வெட்டும் ஓசையா, விளக்கின் எண்ணெயா என்பதில்தான் ராபிகள் பிரிகிறார்கள். உணவும் நீரும் மருந்தல்ல, அடிப்படை என்பவர்கள் பலர். நியூயார்க்கில் இருந்த மோஷே ஃபைன்ஸ்டைன் போன்ற பெரிய வைதிக அறிஞரும், மருத்துவச் சிகிச்சையைப் பொறுத்தவரை, குணமாக வழியில்லாதவரின் வேதனையை நீட்டிக்கச் சிகிச்சை தர வேண்டிய கடமை இல்லை என்று எழுதினார்.

எனக்குப் பிடித்தது ஒரு வேலைக்காரியின் கதை. மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பை உருவாக்கிய யெகூதா ஹநாசி சாகக் கிடக்கிறார். சீடர்கள் இடைவிடாமல் வேண்டிக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் உயிர் பிரியவில்லை. வீட்டு வேலைக்காரி கூரையில் ஏறி முதலில் தானும் அவர் பிழைக்கத்தான் வேண்டுகிறாள். பிறகு, அவர் எத்தனை முறை கழிப்பிடம் போய்வந்து துன்பப்படுகிறார் என்பதைப் பார்க்கிறாள். ஒரு சாடியை எடுத்துக் கூரையிலிருந்து கீழே போடுகிறாள். உடைந்த சத்தத்தில் சீடர்கள் ஒரு கணம் வாயடைக்கிறார்கள். அந்தக் கணத்தில் உயிர் போய்விட்டது. தல்மூத் அவளைத் திட்டவில்லை. கழிப்பிடக் கணக்கு அறிஞர் எவருக்கும் தெரியவில்லை, கூட இருந்து பார்த்தவளுக்குத்தான் தெரிந்தது. வியாழக்கிழமை உங்களையும் அறைக்குள் அழைக்கச் சொல்லுங்கள்.


ஆரல்வாய்மொழி (இஸ்ரேல்)
புதன், இரவு 9:40

அக்கா, நான் குமரி மாவட்டம். ஒன்பது ஆண்டுகளாக இங்கே முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. எங்களை மெட்டப்பெல் என்பார்கள். கேரளத்து ஆட்கள் நிறையப் பேர், நம் பக்கத்து ஆட்கள் கொஞ்சம். இப்போது பார்க்கும் தாத்தா இல்லத்தில் இருக்கிறார், நானும் அவரோடு. முதியோர் இல்லத்துக்கு எபிரேயத்தில் பெத் அவோத் என்று பெயர். தந்தையர் வீடு என்று அர்த்தம். மதுரை ஐயா கவனிக்க.

இங்கே 2005-இல் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். ஆறு மாதத்துக்கு மேல் இருக்க மாட்டார் என்று மருத்துவர் சொன்னவர்களுக்கு அது பொருந்தும். உயிரைப் போக்கும் ஊசி கூடாது. ஓடிக்கொண்டிருக்கும் மூச்சுக் கருவியைக் கையால் நிறுத்துவதும் கூடாது. ஆனால் முடிந்துபோன ஒரு சிகிச்சையைத் திரும்பத் தொடங்காமல் இருக்கலாம். இதை வைத்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: கருவியில் நேரக் கடிகாரம். குறித்த நேரம் வந்ததும் தானாக நிற்கும், வேண்டுமென்றால் மறுபடி முடுக்கலாம், வேண்டாமென்றால் யாரும் எதையும் நிறுத்தவில்லை. சபாத் அன்று விளக்கைத் தானாக அணைக்கக் கடிகாரம் வைப்பவர்களின் மூளை இது என்று என் தாத்தாவே சிரிப்பார். சாப்பாடு, தண்ணீர் பற்றியும் அதில் உண்டு. கடைசி இரண்டு வாரம் என்ற கட்டத்தில், நோயாளி முன்பே வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நிறுத்தலாம்.

ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன். கோஹேன் என்ற குருமார் வம்சத்தவர் இறந்த உடல் இருக்கும் கூரைக்குக் கீழே இருக்கக் கூடாது. அவர்களுக்காக எருசலேம் மருத்துவமனைகள் சிலவற்றில் தனிக் கதவு அமைப்பே உண்டு. எங்கள் இல்லத்தில் யாராவது இறந்தால் வாசலில் ஒரு பலகையைத் திருப்பி வைப்பார்கள். காலையில் நடைக்குப் போய்விட்டு வரும் தாத்தா தூரத்திலிருந்தே அதைப் பார்த்துவிட்டு, "இன்று யார்?" என்பார்.


வைகைக்கரை
வியாழன், காலை 7:30

தந்தையர் வீடு. சரி தம்பி, வாங்கிக்கொண்டேன்.

ஆனால் ஒரு கேள்வி. கனடாவில் 2016 முதல் மருத்துவர் உதவியோடு சாவது சட்டப்படியே இருக்கிறதே. குழாய், கடிகாரம், உப்பு, விறகு என்று இவ்வளவு சுற்றுவானேன்? அந்த அம்மா தெளிவாக இருந்த காலத்தில் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்களா?


தேம்ஸ் தாதி
வியாழன், காலை 11:10

ஐயா கேட்டது நடந்தே இருக்கிறது. வான்கூவரில் லூயிஸ் பிரையர் என்ற யூத இல்லம். தங்கள் கட்டடத்துக்குள் அதை அனுமதிப்பதில்லை என்பது அவர்கள் கொள்கை. 2017-இல் அங்கே வசித்த ஒருவர் தன் அறையிலேயே அப்படிச் சாக விரும்பினார். மருத்துவர் ஒருவர் இல்லத்துக்குத் தெரிவிக்காமல் மாலையில் வந்து, குடும்பத்தார் சூழ அதைச் செய்துவிட்டுப் போனார். நாஜிகளிடமிருந்து தப்பியவர்கள் வசிக்கும் இடத்தில் இரகசியமாக ஒரு மருத்துவர் வந்து ஊசி போட்டால் அவர்கள் மனம் என்ன பாடுபடும் என்று இல்லம் மருத்துவர்களைக் கண்காணிக்கும் மன்றத்தில் புகார் கொடுத்தது. 2019-இல் மன்றம் மருத்துவர்மேல் தவறில்லை என்றது.

எனக்கு இதில் முழு மனது எந்தப் பக்கமும் இல்லை. அந்த மனிதருக்கு அது வீடு. வீட்டில் சாக விரும்பியவரை ஆம்புலன்சில் ஏற்றி வேறிடத்துக்கு அனுப்புவது கொடுமை. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருப்பவருக்கும் அது வீடுதானே.


ஆரல்வாய்மொழி
வியாழன், பிற்பகல் 1:00

காலையில் இரவுப்பணியாள் அறையைத் திறந்து பார்த்திருப்பாரே, அவர் என்ன ஆனார்? அதைப் பற்றி யாரும் எழுதவில்லை.


வைகைக்கரை
வியாழன், பிற்பகல் 1:40

ஒருவர் உயிர் அவருக்குச் சொந்தம் என்பது என் கட்சி. மற்றவர் மனம் நோகும் என்பதற்காக ஒருவர் வலியில் கிடக்க முடியாது. நாஜிகள் செய்தது அவர்களைக் கேட்காமல். இவர் தானே கேட்டார். இரண்டையும் ஒரே தராசில் வைப்பது அநியாயம்.


நெறியாளர்
வியாழன், பிற்பகல் 3:05

வான்கூவர் விவாதத்தைத் தொடர விரும்புவோர் தனி இழை தொடங்கலாம். இங்கே பனிக்குயிலின் கேள்வி இருக்கட்டும்.


பனிக்குயில்
வியாழன், இரவு 11:20

ராபி வந்தார். இளைஞர், என் மகன் வயது. என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள், ஓலைச்சுவடி ஐயாவுக்கு நன்றி.

அவர் முதலில் படுக்கையின் தலைமாட்டுப் பக்கம் போகவே இல்லை. நோயாளியின் தலைமாட்டில் இறைவன் இருப்பதாக நம்பிக்கையாம், அதனால் கால்மாட்டில் ஒரு கதிரையைப் போட்டுக் குனிந்து உட்கார்ந்தார். டொக்டரிடம் மூன்று கேள்வி கேட்டார்: குழாய் போட்டால் நோய் மாறுமா, போடும்போதே செத்துவிடுவாரா, போடாவிட்டால் வலிக்குமா. பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்கள் கரண்டியை நீட்டும்போது அவர் என்ன செய்கிறார்?" என்றார். உதட்டை இறுக்கித் தலையைச் சுவர்ப்பக்கம் திருப்புகிறார் என்றேன். முன்பு வேறு எதற்காவது அப்படித் திருப்புவாரா என்றார். இல்லை, வேண்டாம் என்பதை அவர் எப்போதும் வாயால்தான் சொல்வார், அதுவும் உரக்க என்றேன். மகள் அழுகைக்கிடையில் சிரித்துவிட்டார்.

இந்த அம்மாவின் நிலையில் குழாய் கடமை அல்ல, வாய்வழியாக அவர் ஏற்கும்வரை கொடுங்கள், மறுத்தால் கட்டாயப்படுத்த வேண்டாம் என்றார். வேறு ராபியாக இருந்தால் வேறு மாதிரிச் சொல்லியிருக்கலாம் என்றும் அவரே சொன்னார். மகள் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. அவர் கேட்டது ஒன்றுதான்: "அப்படியானால் அம்மா பட்டினியால் சாகவில்லை என்று நீங்கள் எழுதித் தருவீர்களா?" ராபி சிரிக்காமல், தருகிறேன் என்றார். காகிதம் எடுத்து அங்கேயே எழுதினார். ஹீப்ரூவில். நான்கு வரி.

தேம்ஸ் தங்கச்சி சொன்னபடி பஞ்சுக்குச்சியை மகள் கையில் கொடுத்தேன். முதலில் கை நடுங்கியது. ஒரு மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது, குச்சியைத் தண்ணீரில் தொடாமல் இனிப்புத் திராட்சை ரசத்தில் தொட்டுக்கொண்டிருந்தார். அம்மா நாக்கை நீட்டி நக்கினார்.


தேம்ஸ் தாதி
வெள்ளி, அதிகாலை 3:50

திராட்சை ரசம்! நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் படிக்கவில்லை. குறித்துக்கொண்டேன்.


ஓலைச்சுவடி
வெள்ளி, காலை 10:00

அந்த நான்கு வரிக்காகவே அந்த இளைஞரைக் கும்பிடலாம்.


பனிக்குயில்
ஞாயிறு, இரவு 9:15

நேற்றுக் காலை பத்து மணியளவில் அம்மா போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை நாலரைக்கு விளக்கேற்றும் நேரத்தில் மகள் மின்விளக்கை அம்மாவின் கட்டிலருகே வைத்தார். அன்றிரவு ராபி இல்லை. மூன்றாம் மாடியிலிருந்து ஒரு தாத்தா தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வந்து விடுய் சொன்னார். அது கடைசி மன்னிப்பு வேண்டல். பேச முடியாதவருக்கு மற்றவர் சொல்லலாமாம். இந்தத் தாத்தாவுக்கும் அம்மாவுக்கும் ரம்மிகப் சண்டை காரணமாக இரண்டு வருடம் பேச்சில்லை. சனி காலையில் மூச்சு இடைவெளி விடத் தொடங்கியதும் அறைக்குள் ஒன்பது பேர் இருந்தார்கள், நான்கு பேர் சக்கர நாற்காலியில். ஷெமா என்ற அவர்களின் முக்கிய வேண்டுதலைச் சொன்னார்கள். கடைசிச் சொல்லை இழுத்துச் சொல்வார்கள், அது முடியவும் மூச்சு நிற்கவும் சரியாக இருந்தது என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. மூன்று முறை சொல்லி முடித்து, எல்லாரும் களைத்து, ஒரு பாட்டி கழிப்பறை போக வேண்டும் என்று சொல்லி நான் அவரை அழைத்துக்கொண்டு போன நேரத்தில் அம்மா போனார்.

சபாத் என்பதால், இறந்தவரைக் கழுவி உடுத்தும் செவ்ரா கடிஷா சங்கத்து ஆட்கள் பொழுதுபட்டுத்தான் வருவார்கள். மற்ற இல்லங்களில் நாங்களே உடலைக் கழுவி உடுத்துவோம். இங்கே கை வைக்கக் கூடாது. மகன் கண்ணை மூடினார். கை கால்களை நேராக்கி வெள்ளைத் துணியால் மூடினோம். யன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தோம். ஜனவரிக் குளிர் உள்ளே வந்தது, யாரும் மூடச் சொல்லவில்லை. உடலைத் தனியே விடக் கூடாது என்று மாறி மாறி ஆள் உட்கார்ந்து வேதத்திலுள்ள சங்கீதப் பாடல்களை வாசித்தார்கள். மதியச் சாப்பாட்டு நேரம் ஆள் இல்லை, நான் உட்கார்ந்தேன். எனக்கு அவர்கள் சங்கீதம் தெரியாது. தெரிந்த தேவாரத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா கோபித்திருக்க மாட்டார். சத்தமாகச் சொல், காது கேட்கவில்லை என்றுதான் சொல்லியிருப்பார்.

ஆறு மணிக்குப் பிறகு நான்கு பெண்கள் வந்தார்கள். பெண்ணுக்குப் பெண்கள்தான். சம்பளம் இல்லாத வேலை, அதில் ஒருவர் பல் டொக்டர். கழுவி, தண்ணீரை இடையறாமல் ஊற்றி, வெள்ளை லினன் உடை போடுவார்களாம். அந்த உடைக்குச் சட்டைப்பை கிடையாது. ஏழைக்கும் பணக்காரருக்கும் அதே துணி. எல்லாம் முடிந்ததும் ஏதாவது மரியாதைக் குறைவு நடந்திருந்தால் மன்னிக்கும்படி இறந்தவரைப் பெயர் சொல்லிக் கேட்பார்கள் என்று அந்தப் பல் டொக்டர் சொன்னார்.

வெளியே கொண்டுபோனது முன்வாசலால். நான் முதலில் வேலை செய்த வேறோர் இடத்தில் பின்பக்கக் குப்பை லிப்டால் கொண்டுபோவார்கள், மற்ற முதியவர்கள் பார்த்துப் பயந்துவிடக் கூடாதாம். இங்கே வரவேற்பறையில் இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக இருந்தார்கள். எழும்பக் கூடியவர்கள் எழும்பி நின்றார்கள். தெருவில் கதவு திறந்ததும் எல்லாருக்கும் குளிர்.

இன்று அடக்கம் முடிந்தது. மகள் வீட்டில் ஷிவா என்ற ஏழு நாள் துக்கம். நான் போகலாமா, எதைக் கொண்டுபோவது?


ஆரல்வாய்மொழி
ஞாயிறு, இரவு 10:50

கட்டாயம் போங்கள் அக்கா. கதவு பூட்டியிருக்காது, மணி அடிக்க வேண்டாம். பூ கொண்டுபோக வேண்டாம். வீட்டில் சமைத்ததும் வேண்டாம், முழுப் பழங்கள் போதும். அவர்கள் தாழ்ந்த நாற்காலியில் இருப்பார்கள், கண்ணாடிகளை மூடியிருப்பார்கள். வணக்கம் சொல்லாமல் உட்காருங்கள். அவர்கள் பேசத் தொடங்கும்வரை நீங்கள் பேச வேண்டாம். அவர்கள் பேசவே இல்லையென்றால் பேசாமலே எழுந்து வரலாம், தவறில்லை.


வைகைக்கரை
திங்கள், காலை 8:00

நம் ஊரிலும் துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்ல மாட்டோம்.

அந்தப் பாண் என்ன ஆயிற்று மகளே?


பனிக்குயில்
செவ்வாய், இரவு 10:10

ஐயா கேட்டதால் எழுதுகிறேன். இன்று ஷிவாவுக்குப் போனேன், தோடம்பழம் ஒரு பை. பக்கத்துவீட்டார் கொண்டுவந்த அவித்த முட்டைகள் மேசையில் மிச்சமிருந்தன. மகள் என்னைக் கண்டதும் தானே பேசினார். அடுத்த கிழமை அறையைக் காலி செய்ய வேண்டும் என்றார். அப்போதுதான் லாச்சியைப் பற்றிச் சொன்னேன், இரவில் நாங்கள் மாற்றி வைத்ததையும். ஒன்பது துண்டு இருக்கிறது என்றேன்.

அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி சொன்னார்: "எங்கள் வீட்டில் அது தையல் இயந்திரத்துக்குள் இருக்கும். அக்கா அதை ஒரு தரம் வாத்துகளுக்குப் போட்டுவிட்டு அடி வாங்கினாள்." மகள், "இரண்டு தரம்" என்றார். பிறகு, எத்தனை வருடமாக மாற்றினீர்கள் என்று கேட்டார். ஐந்து என்றேன். தினமுமா என்றார். செவ்வாயும் வெள்ளியும் என்றேன். பாண் யார் காசு என்றார். சமையலறை, மஷ்கியாக்குக்குத் தெரியும், அவர்தான் எடுத்து வைப்பார் என்றேன். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. நானும் பேசாமல் இருந்துவிட்டு வந்தேன்.

நாளைக்கு எனக்கு விடியற்காலை வேலை. 412-இல் ருமேனியாவிலிருந்து வந்த ஒருவர் திங்கட்கிழமை வருகிறார். பாதிக் காது கேட்காது, மீன் பிடிக்காது, தொழுகைக்கு வருவாராம். கீழ்த்தளத்தில் இப்போதே எண்ணத் தொடங்கிவிட்டார்கள்.